கணக்கைக் காட்டுங்கள்

2012 ஜூன் மாதக் கடைசியில் என் கணவர் வேலை செய்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை மூடப்பட்டது. சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், நாங்கள் குடியிருந்த பெண்டில் ஹில்லுக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இவர் அங்கேதான் வேலை பழகினார், அங்கேதான் ஆங்கிலமும் பழகினார். மூடிய அன்று விடுமுறைச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்து, வேலை முடிந்ததற்கான சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வேலையில்லாதோருக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க இவருக்கு மனமே வரவில்லை. அப்போது அதற்கு நியூஸ்டார்ட் என்று பெயர். "உழைக்காத காசு எங்களுக்கு வேண்டாம்" என்றார். "இத்தனை வருஷமா வரி கட்டினனீங்கள். அதுவும் உங்கட உழைப்புத்தான்" என்று நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு சம்பளத்தில் அடங்காது. ஓகஸ்ட் முதலாம் கிழமையிலிருந்து கொடுப்பனவு வரத் தொடங்கியது.

அந்தக் காசு சும்மா வருவதில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அந்த நாட்களில் எவ்வளவு உழைத்தோம் என்று அறிவிக்க வேண்டும். என் சம்பளமும் அதில் சேரும். அதற்கேற்ப இவருடைய கொடுப்பனவு குறையும். எங்கெங்கே வேலை கேட்டோம் என்ற பட்டியலும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு, அறிவித்த திகதி, அறிவித்த தொகை, கிடைத்த தொகை என்று இவர் எழுதி வைத்தார். நான் ஒருநாள் கூடுதலாக வேலைக்குப் போனாலும், "எத்தனை மணித்தியாலம்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அது அவருடைய சுபாவம்.

2013 ஜனவரி நடுவில் வெதரில் பார்க்கில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. கிடைத்த அன்றே கொடுப்பனவு வழங்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். கொடுப்பனவு நின்றது. கொப்பியில் கடைசி வரியை எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார். அதோடு அந்த விஷயம் எங்கள் வீட்டில் முடிந்துபோனது.

ஏறக்குறைய நாலு வருடங்களுக்குப் பிறகு, 2016 நவம்பரில் அதே அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 2012–13 நிதியாண்டில் வரித் திணைக்களத்துக்குத் தெரிந்த உங்கள் வருமானமும், நீங்கள் எங்களுக்கு அறிவித்த வருமானமும் பொருந்தவில்லை. இணையத்துக்குப் போய் உறுதிப்படுத்துங்கள் என்று அதில் இருந்தது. கடன் என்ற பேச்சே இல்லை. விளக்கம் கேட்பதற்கு அந்தப் பிரிவின் தொலைபேசி இலக்கமும் இல்லை. மகள் கணினியில் திறந்து காட்டினாள். அந்த ஆண்டுக்கான சம்பளம் 24,000 டொலர், சரியா என்று திரை கேட்டது. ஜனவரி முதல் ஜூன் வரை களஞ்சியத்தில் உழைத்த காசு அது. தொகை சரிதான். சரி என்று அழுத்தினார்.

அந்தச் சரியை வைத்துத்தான் இயந்திரம் மிச்சக் கணக்கைப் போட்டது. 24,000 டொலரை, ஆண்டில் உள்ள 26 இருகிழமைகளால் வகுத்தது. வந்தது 923 டொலர். ஆகவே ஓகஸ்ட் மாதத்திலும், செப்ரெம்பரிலும், நத்தார் கிழமையிலும் இந்த மனிதர் 923 டொலர் உழைத்திருக்கிறார், அதை மறைத்துவிட்டு உதவிப் பணம் வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டியது. அடுத்து வந்த கடிதத்தில், நாலாயிரத்துச் சொச்சம் டொலர் அதிகமாகப் பெற்றுவிட்டீர்கள், திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. வருமானத்தைச் சொல்லத் தவறியவர்களுக்கு விதிக்கும் 10 வீத மேல்கட்டணமும் அதில் சேர்ந்திருந்தது. கட்ட வேண்டிய கடைசித் திகதி தடித்த எழுத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற மழையை அளந்து, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, "ஆனி மாதத்திலும் உன்ர வயலிலே இவ்வளவு தண்ணி நிண்டது" என்று ஒரு கமக்காரனிடம் சொன்னால் எப்படி இருக்கும்? இயந்திரம் போட்ட கணக்கும் அப்படிப்பட்டதுதான். ஆண்டு முழுவதும் ஒரே சம்பளத்தில் ஒரே வேலை பார்த்தவருக்குத்தான் சராசரி பொருந்தும். அப்படிப்பட்டவர் உதவிப் பணம் கேட்டு வரமாட்டார். கொஞ்ச மாதம் வேலை, கொஞ்ச மாதம் வேலையில்லை என்று வாழ்கிறவர்கள்தான் இந்தக் கொடுப்பனவை வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பொருந்தவே முடியாத ஒரு வாய்ப்பாட்டை அவர்கள் மேலேயே பிரயோகித்தார்கள்.

கடிதத்தை வாசித்து முடித்தபின் இவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஒரு சதமும் ஒளிக்கேல்லை" என்றார். அன்றிரவு மட்டுமில்லாமல் அந்த மாதம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கே சொன்னார், பிள்ளைகளிடம் சொன்னார், தனியாக இருக்கும்போதும் சொன்னார். அந்த டிசம்பரில் இந்தக் கொடுப்பனவுகளைக் கவனிக்கும் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, கடன்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்போம், அவர்கள் திருப்பிக் கட்டியாக வேண்டும், சிறைக்குப் போகவும் நேரலாம் என்று சொன்னார். ஊரில் இராணுவத்தின் விசாரணைகளைக் கண்டு வந்த மனிதருக்கு அந்த வார்த்தை எப்படி விழுந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இல்லை. யாருக்கும் தெரியாது. தெரியாமலே வெட்கம் வந்துவிட்டது.

கடனைவிட எனக்கு அந்த வெட்கம்தான் பெரிதாகத் தெரிந்தது. நாலாயிரம் டொலரை எப்படியாவது புரட்டலாம். மோசடிக்காரன் என்று ஒரு மனிதன் தன்னையே பார்க்கத் தொடங்கினால் அதை எதைக் கொடுத்துத் தீர்ப்பது?

எங்கள் அடுத்த தெருவில் ஓர் அண்ணை இருந்தார். இரவு வேலைக்காரர், ஒரு பேக்கரியில் பொதி கட்டுகிறவர். நாங்கள் கடிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவருக்கும் வந்திருக்கிறது. அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நண்பர்களோடு பிடித்துக்கொண்டிருந்த சீட்டை நட்டத்துக்கு முன்கூட்டியே எடுத்து, கேட்ட காசை ஒரே தடவையில் கட்டிவிட்டார். பிறகு நான் கேட்டபோது, "தங்கச்சி, அரசாங்கம் பிழையாய்ச் சொல்லுமே? நான்தான் எங்கேயோ பிழை விட்டிருப்பன்" என்றார். எங்கே பிழை என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவந்தது முதியோர் இல்லத்தின் தேநீர் அறையில்தான். என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோப் பெண் ஒருத்தி கண்ணீரோடு தன் கடிதத்தைக் காட்டினாள். அதே வாசகம், அதே எழுத்து, தொகை மட்டும் வேறு. அதன்பிறகு நான் வாய் திறந்து கேட்கத் தொடங்கினேன். கோயில் மடத்தில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், மரக்கறிக் கடையில் கேட்டேன். "எங்களுக்கும் வந்தது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்கள் பலர். அந்த நாட்களில் கிழமைக்கு 20,000 கடிதங்கள் நாடெங்கும் போய்க்கொண்டிருந்தன என்று பின்னர் பத்திரிகைகளில் வாசித்தேன். முன்பு ஓர் ஆண்டுக்கு அவ்வளவு வழக்குகளைத்தான் அலுவலர்கள் கையால் ஆராய்ந்து அனுப்புவார்களாம். மனிதக் கண் பட்டுச் சரிபார்க்கும் அந்த வேலையை எடுத்துவிட்டு, பொருந்தாமையைக் கண்டுபிடிப்பதை இயந்திரத்திடமும், பொருந்தாமை ஏன் என்று நிரூபிப்பதைச் சனங்களிடமும் கொடுத்துவிட்டார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரோபோடெட்.

தோழி ஒருத்தியின் மகளுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அவள் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். கடையின் பெயர்ப்பலகையில் இருந்த பெயரைத்தான் அவள் அறிவித்தாள். வரித் திணைக்களத்தில் அந்தக் கடையை நடத்தும் கம்பனியின் பெயர் பதிவாகியிருந்தது. இரண்டும் ஒன்றென்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. ஒரு வேலையை இரண்டு வேலையாக எண்ணி, ஒரு சம்பளத்தை இரண்டு சம்பளமாகக் கூட்டிவிட்டது. ஓர் அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

தொலைபேசியில் யாரையும் பிடிக்க முடியவில்லை. காத்திருப்பு இசையைக் கேட்டுக் கேட்டு என் மதிய நேரங்கள் போயின. நேரில் போனால், இணையத்தில் செய்யுங்கள் என்று கணினி இருக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். இதற்குள் இவருடைய கைத்தொலைபேசிக்குக் கடன் அறவிடும் தனியார் நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. வேலை நேரத்தில் வரும். போர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்ப் பேச வேண்டும். "இண்டைக்கு எவ்வளவு கட்டலாம்?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கடன் உண்மையா என்பது அவர்களுக்குரிய கேள்வி இல்லை.

ஒருநாள் இவர், "கட்டிப்போட்டு விடுவமே? நிம்மதியாவது கிடைக்கும்" என்றார். நான் மறுத்துவிட்டேன். காசு இல்லாததால் இல்லை. கட்டினால், செய்யாத களவை ஒத்துக்கொண்டது போலாகும். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லி வளர்த்ததெல்லாம் பொய்யாகும்.

முதியோர் இல்லத்தின் சமூக சேவையாளர் ஒருவர்தான் இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றுக்குப் போகச் சொன்னார். அங்கே ஓர் இளம் சட்டத்தரணி எங்களை இருத்தி, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். இவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்ட நேரத்தில் தாய்மொழியில் பேசக் கிடைப்பது வேறு. அரை மணித்தியாலம் இவர் நிறுத்தாமல் பேசினார். கேட்டு முடித்த சட்டத்தரணி கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு சொன்ன பேச்சை நான் மறக்கவில்லை. "உங்களுக்குக் கடன் இல்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. கடன் இருக்கிறது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். எப்படி இந்தத் தொகை வந்தது, எந்தெந்த இருகிழமைக்கு எவ்வளவு என்று கணக்கைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்."

சட்டம் அப்படி இருந்தாலும், நடைமுறையில் தாள்களைத் தேட வேண்டியிருந்தது நாங்கள்தான். பழைய தொழிற்சாலை இல்லாமல்போய்விட்டது. வங்கியில் பழைய கூற்றுகளுக்குக் கட்டணம் கட்டி வாங்கினோம். ஓகஸ்டிலிருந்து ஜனவரி வரை சம்பளம் என்று ஒரு வரவும் இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. களஞ்சிய முதலாளி, இவர் எந்தத் திகதியில் வேலையில் சேர்ந்தார் என்று ஒரு கடிதம் தந்தார். அவர் ஆண்டு முடிவில் கொடுத்த சம்பளச் சான்றில், வேலைக்காலம் ஜூலை முதலாம் திகதியிலிருந்து என்று பொதுவாக எழுதப்பட்டிருந்தது. ஆறு மாதச் சம்பளத்தை ஆண்டு முழுவதும் பரப்ப அதுவே போதுமாக இருந்திருக்கிறது. தொழிற்சாலை தந்த வேலைநீக்கச் சான்றிதழின் பிரதி எங்களிடம் இருந்தது. அதன் மூலப்பிரதி 2012 இலேயே அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. ஜனவரியில் வேலை கிடைத்ததைச் சொன்னதும் அவர்களுடைய பதிவில் இருந்தது. எங்களிடம் கேட்டதெல்லாம் அவர்களின் கோப்பிலேயே கிடந்த விஷயங்கள்.

மறுபரிசீலனை கேட்டுக் கடிதம் கொடுத்தோம். பதில் வருவதற்கு முன்பே அந்த ஆண்டு இவருக்கு வரவேண்டிய வரி மீதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் முதல்முதலாக அழுதேன். தீர்ப்பு வராமலே தண்டனை வந்துவிட்டது. பல மாதங்கள் கழித்து ஒரு சிறிய கடிதம் வந்தது. உங்கள் விபரங்களை மீண்டும் பார்த்தோம். நீங்கள் செலுத்த வேண்டிய தொகை பூச்சியம். பிடித்த பணமும் திரும்பி வந்தது. எங்கே பிழை நடந்தது என்ற விளக்கம் இல்லை. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் இல்லை. இவர் அந்தக் கடிதத்தைக் கொப்பியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தார்.

எங்களுடையது தீர்ந்த பிறகும் நான் அதை விடவில்லை. செய்தியில் வந்த ஒவ்வொன்றையும் வாசித்தேன். பேராசிரியர் டெரி கார்னி என்பவர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர். மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தவர். 2017 இலேயே, ஆண்டு வருமானத்தைச் சராசரி போட்டு மட்டும் ஒரு கடனைச் சட்டப்படி நிலைநாட்ட முடியாது என்று அவர் தன் முன் வந்த வழக்குகளில் தீர்ப்பு எழுதினார். அந்தப் படிநிலையில் வழங்கப்படும் தீர்ப்புகள் பகிரங்கமாக வெளியிடப்படுவதில்லை. அரசு அவற்றை எதிர்த்து மேலே போகவும் இல்லை. போராடிய அந்தச் சிலருக்குக் கடன் நீங்கியது. மற்ற இலட்சக்கணக்கானோருக்கு இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே தெரியாமல் கடிதங்கள் தொடர்ந்து போயின. அடுத்த தெரு அண்ணை சீட்டு எடுத்துக் கட்டிய காசும் அந்தக் காலத்தில் போனதுதான்.

விக்ரோரியா மாநிலத்துச் சட்ட உதவி அமைப்பின் துணையோடு டியானா அமாட்டோ என்ற பெண் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய வரி மீதிப் பணத்தையும் இதேபோலப் பிடித்திருந்தார்கள். 2019 நவம்பர் 27 அன்று, அவர் மேல் சுமத்தப்பட்ட கடன் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. அரசே அதற்கு உடன்பட்டது. 2020 மே 29 அன்று, 4,70,000 கடன்களுக்காக அறவிட்ட 721 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுப்போம் என்று அறிவிப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடுத்த கூட்டு வழக்கில் மேலும் 112 மில்லியன் டொலர் கொடுக்க அரசு இணங்கியது. 2021 ஜூனில் நீதிமன்றம் அந்த இணக்கத்தை ஏற்றது.

அந்த ஆண்டுகளில் அண்ணைக்கும் காசு திரும்பி வந்தது. வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருந்ததை அவர் கவனிக்கவே பல நாளாயிற்று. "தங்கச்சி, அப்ப நான் பிழை விடேல்லையோ?" என்று என்னிடம் கேட்டார். மூன்றரை வருடமாக அந்த மனிதர் தன்னைக் குற்றவாளி என்று நம்பிக்கொண்டு நடமாடியிருக்கிறார். சீட்டில் விட்ட நட்டத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மனைவிக்கு மறைத்த நாட்களையும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்தத் திட்டத்தை ஆராய 2022 இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் விசாரணைகள் பிரிஸ்பேனில் நடந்தன. இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். வேலை முடிந்து வந்து, சமைத்துக்கொண்டே பார்ப்பேன். முன்னாள் பிரதம நீதியரசர் கத்தரின் ஹோம்ஸ் அம்மையார் அமைதியாகக் கேட்ட கேள்விகளுக்கு முன்னால் பெரிய பெரிய அதிகாரிகள் தடுமாறியதைப் பார்த்தேன். சராசரி போட்டுக் கடன் எழுதுவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று துறையின் சொந்தச் சட்டத்தரணிகளே 2014 இல் சொல்லியிருந்தார்கள் என்பது அங்கே வெளிவந்தது. திட்டம் அறிவிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டு அது. பிள்ளைகளை இழந்த தாய்மார் சாட்சியம் சொன்ன நாட்களில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடன் கடிதம் வந்தபின் தம் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் தாய்மார் அவர்கள். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் நிலவிய மௌனம் எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

2023 ஜூலை 7 அன்று அறிக்கை வெளிவந்தது. நேர்மையும் இல்லாத, சட்டமும் இல்லாத, முரட்டுத்தனமான கொடிய ஏற்பாடு அது என்று ஆணைக்குழு தீர்த்துச் சொன்னது. 57 பரிந்துரைகள் செய்தது. 2025 செப்ரெம்பரில், கூட்டு வழக்கைத் தொடர்ந்தவர்களுக்கு மேலும் 475 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்க அரசு உடன்பட்டது.

இது அவுஸ்திரேலியாவின் தனிக்கதை இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2013 ஒக்ரோபரில், வேலையிழப்புக் காப்பீட்டு மோசடியைக் கண்டுபிடிக்க மைடாஸ் என்ற கணினி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் 40,000 பேர் மேல் அது மோசடிக் குற்றம் சாட்டியது. அங்கே தண்டம், வாங்கிய தொகையின் நான்கு மடங்கு. அதற்கு மேல் 12 வீத வட்டி. பலருக்குக் கேள்விக் கடிதம் அவர்கள் திறந்தே பார்க்காத பழைய இணையக் கணக்குக்குப் போனது. பதில் இல்லாததால் குற்றம் உறுதியானது என்று சம்பளத்திலும் வரி மீதியிலும் பிடித்தார்கள். வீட்டை இழந்தவர்களும் வங்குரோத்தானவர்களும் உண்டு. பிறகு மாநிலமே மீண்டும் ஆராய்ந்தபோது, மனிதர் பார்க்காமல் கணினி மட்டும் தீர்மானித்த 22,000க்கு மேற்பட்ட வழக்குகளில் 90 வீதத்துக்கும் அதிகமானவை பிழை என்று தெரிந்தது. வழக்கு நடத்தியவர்களுக்கு 20 மில்லியன் டொலர் கொடுக்க 2022 இல் உடன்பாடு வந்தது. அங்கேயும் வருமானத்தைக் கிழமைகளுக்குப் பரப்பிப் பார்க்கும் அதே கணக்கு இருந்தது. அங்கேயும் இரு தரவுகள் பொருந்தாவிட்டால் அது பொய் என்று கொண்டார்கள்.

பொருந்தாமைக்கு நூறு காரணம் இருக்கலாம். முதலாளி திகதியைப் பிழையாக எழுதியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், சம்பளம் பிந்தி வந்திருக்கலாம். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் மோசடி. அதற்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும். எண்ணத்தை எந்தச் சராசரியாலும் காண முடியாது.

உண்மையில் அதிகமாகப் பணம் வாங்கியவர் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். பொது நிதி எல்லோருடைய உழைப்பு. என் கணவர் அந்தக் கொப்பியை எழுதியதே அதற்காகத்தான். ஆனால் ஒருவரைக் கடன்காரர் என்றோ கள்ளர் என்றோ சொல்வதற்கு முன், சொல்கிறவர் கணக்கைக் காட்ட வேண்டும். நாட்டிலேயே மிகக் குறைந்த பணத்தில் வாழ்கிறவர்களிடம், ஐந்தாறு வருடத்துக்கு முந்திய சம்பளச் சிட்டையைக் கொண்டுவா, இல்லாவிட்டால் நீ குற்றவாளி என்று ஓர் அரசு சொல்வது அறமல்ல. சட்டமும் அல்ல என்று நீதிமன்றத்தின் முன்னால் அந்த அரசே ஒத்துக்கொண்டது.

இப்போதும் எங்கள் சனத்தில் யாருக்காவது இப்படிக் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் சொல்வது இதுதான். கடிதத்தைத் திறக்காமல் வைக்காதீர்கள். திகதியைக் கடத்தினால் சிக்கல்தான் கூடும். வெட்கப்பட்டுக் கட்டாதீர்கள், ஒவ்வோர் இருகிழமைக்கும் என்ன கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சிட்டையையும் வங்கிக் கூற்றையும் நீங்கள் அறிவித்ததற்கான பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள். முடிவு பிழை என்றால் உள்மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 131 450 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். இலவசச் சட்ட உதவி நிலையங்கள் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். தனியாக அந்தக் கடிதத்தோடு இருக்காதீர்கள்.